வாசலில் ஒரு சோலார் தகடு

“என் தகட்டை யாரோ மறைக்கிறாங்க, ரூபன்.”

“வேற யாரு? அப்பாதான்” என்றான் லோஷினியின் கணவன்.

மலேசியாவின் கோத்தா திங்கியில் அவர்கள் வீட்டு முன்வாசலில், கரிமப் பொருளால் ஆன புதுவகை சோலார் தகட்டை லோஷினி வைத்திருந்தாள். வெளியில் அது எத்தனை மாதம் உழைக்கும் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. பல்கலைக்கழகக் கணினியில் பார்த்தால், பல நாள்களில் மதியத்துக்கு மேல் மின்சாரம் அடியோடு நின்று, பிறகு தானாக வருகிறது. கெட்டுப்போன தகடு அப்படித் திரும்ப வராது.

“வச்ச அன்னிக்கே கத்துனாரு லா. ‘தணிகாசலம் வீட்டுல கரண்டு பில்லு கட்ட வழியில்லையான்னு ஊரு சிரிக்கும்’னு.”

“இப்படியே போனா என் ஆராய்ச்சி செல்லாது.”

மறுநாள் மதியம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள். கொட்டும் மழை. வாசலில் மாமனார் தணிகாசலம் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார். கையிலிருந்த பெரிய குடை தகட்டுக்கு மேல் விரிந்திருந்தது. எதிர்வீட்டார் வேடிக்கை பார்த்தனர்.

“மாமா! என்ன பண்றீங்க?”

“பின்ன என்னம்மா? மருமக படிப்ப மழையில நனையவிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் என்னைச் சொல்லக் கூடாது.”

வெயிலையும் மழையையும் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் அதை அங்கே வைத்ததே. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் லோஷினிக்குக் கோபம் வரவில்லை. குடையை மெல்ல அவர் தலைக்கு மேல் நகர்த்தினாள்.

“அது நனையணும், மாமா. நீங்கதான் நனையக் கூடாது.”