கருகிய தகடு

பொம்மிடி ரயிலடிப் பட்டறை முதலாளி சின்னப்பராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ராக்கெட்டின் மூக்கைச் சூட்டிலிருந்து காக்கும் கவசத்துக்கு மாதிரித் தகடு கேட்டு ராக்கெட் மையமே கடிதம் எழுதியிருந்தது. தேறினால் நூறு தகட்டுக்கு ஆர்டர்!

துணியையும் பிசினையும் அடுக்கி அழுத்தி, உலையில் வேகவைத்துத் தகடு செய்தவள் தீர்த்தம்மாள், ஏரியூரின் முதல் பி.எஸ்சி. முதலாளி அதன்மேல் வெல்டிங் நெருப்பைக் காட்டியதும் மேல்பக்கம் கரியாக உதிர்ந்தது.

"நெருப்பத் தடுக்கச் சொன்னா, இதுவே எரியுது! இதுக்குத்தான் காலேஜு போனியா?"

"சார், பின்பக்கம் கைய வச்சுப் பாருங்க..."

"எதுக்கு, நானும் கருகவா? வூட்டுக்குப் போம்மா!"

முப்பது வருஷம் பீடி பற்றவைத்தே நெருப்பை அறிந்தவர் அல்லவா! மச்சான் அடித்துக் கொடுத்த பளபள இரும்புத் தகட்டை அனுப்பிவைத்தார். பெட்டிக்குள் அது ஆடாமலிருக்க, கருகியதை முட்டாக வைத்தார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது.

'இரும்புத் தகட்டுக்குச் சேதமில்லை. அதன் பின்னால் வைத்த கருவிகள்தான் வெந்தன. முட்டுக்கொடுத்த தகடு மிக நன்று. மேல்பக்கம் எரிந்து, சூட்டைத் தன்னோடு கொண்டுபோவதே அதன் வேலை. அதைச் செய்தவரே நூறும் செய்வதானால் மட்டும் ஆர்டர்.'

அடுத்த பஸ்ஸில் ஏரியூருக்கு ஓடினார்.

"அம்மா, பொண்ணக் கூப்பிடுங்க! சம்பளத்த ரெட்டிப்பாக்கறேன்!"

"அவ இல்லீங்களே," என்றாள் தீர்த்தம்மாளின் தாய். "நீங்க தொரத்துன அன்னிக்கே மனு போட்டா. இப்ப அந்த ராக்கெட்டுக்காரங்ககிட்டதான் வேலைங்க."

சின்னப்பராஜ் அப்போதுதான் கடிதத்தை அடிவரை பிரித்தார்.

'சோதித்தவர்: தீர்த்தம்மாள், பி.எஸ்சி.'