பெட்டிக்குக் காவல்

தான் வேலை பார்க்கும், கழிவுநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்திலிருந்து மருமகள் கொதித்துப்போய் வந்தாள்.

“அநியாயம் மாமா! நம்ம குடியிருப்புச் சாக்கடைத் தண்ணியில மருந்து மூணு மடங்கா ஏறியிருக்கு. முழுங்கின மருந்துன்னா உடம்புக்குள்ளயே பாதி உருமாறிடும். இது அப்படியே முழு மருந்து. யாரோ மாத்திரையைக் கொண்டுபோய்க் கொட்டறாங்க!”

மாமனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மிச்ச மருந்துகளைப் போடுவதற்காகப் போன மாதம் குடியிருப்பு வாசலில் அவள் பெட்டி வைத்தபோது, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

“பெட்டி கண்ணு முன்னால இருக்கும்போதே இந்தத் திமிரா? வாம்மா, வீடு வீடாக் கேட்டுடுவோம்!”

முப்பது வீட்டுக் கதவுகளையும் தட்டினார்கள். எல்லோரும் அலமாரியைத் திறந்தே காட்டிவிட்டார்கள். பழைய மாத்திரை ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பெட்டியில் போட்டாயிற்று என்று சத்தியம் செய்தார்கள்.

ஓய்ந்துபோய் வாசலுக்கு வந்த மருமகள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பஞ்சுபோல் லேசாக இருந்தது.

“எங்க ஆய்வக வண்டி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சா மாமா?”

“வந்தாங்கம்மா. பெட்டி காலியா இருக்கவும் திரும்பிப் போயிட்டாங்க.”

“காலியாவா? முப்பது வீட்டு மருந்தும் எங்க?”

மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார்.

“சின்னப் பிள்ளைங்க கையில சிக்கினா என்ன ஆகறது? அதான் சனிக்கிழமை தவறாம நானே கழிப்பறையில கொட்டி, ரெண்டு வாளி தண்ணியும் ஊத்திடறேனே!”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.

“மாமா... சாவி!”