பம்பரம் நின்றது

"பொண்டாட்டி போய் முழுசா ஒரு வருஷம்கூட ஆகலை. மனுஷன் ஆடுற ஆட்டத்தைப் பார்த்தீங்களா?"

"ஏணி மேல ஏறி நட்சத்திரம் கட்டுறாரே! துக்கம்னா நமக்கெல்லாம் காலே எழும்பாது. இவருக்கு இறக்கை முளைச்சிருக்கு."

தேவாலயத்தின் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்து பேசிய அந்த இரண்டு பெண்களுக்கும், முன் பெஞ்சில் இருப்பது அவருடைய மகள் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மகள் திரும்பவே இல்லை. அவள் கண் முழுக்க அப்பா மேல்தான்.

அவர் சபையின் செயலாளர். ஆனால் எல்லோருக்கும் 'பம்பரம்'. முன்பும் இப்படித்தான் சுற்றுவார். அப்போதெல்லாம், "போதும், வந்து உட்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுக்க மனைவி இருந்தார். இப்போது இழுக்க ஆள் இல்லை. மனைவியின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவரே ஓடி ஓடி நாற்காலி போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த ஓட்டம்தான்.

போன வாரம் மகள் போதகரிடம் போய் நின்றாள்.

"ஐயா, அப்பா ஒரு சொட்டு அழலை. ராத்திரியிலகூட எதையாவது கழட்டி மாட்டிக்கிட்டே இருக்கார். எனக்குப் பயமா இருக்கு."

"நானும் சொல்லிப் பார்த்துட்டேன்மா. 'கிறிஸ்துமஸ் முடியட்டும் ஐயா'ங்கிறார். 'முடிஞ்சதும் உட்காருவீங்களா?'ன்னு கேட்டேன். 'அதான் புத்தாண்டு வருதே!'ங்கிறார்."

இன்று மாலை பாட்டு ஆராதனை. கூட்டம் நிரம்பிவிட்டது. பம்பரமோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறந்துகொண்டிருந்தார்.

மகள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, அம்மா இடம் காலியாத்தான் இருக்கு. ஒரு நிமிஷம் வந்து உட்காருங்கப்பா."

"எனக்கு ஏதும்மா நேரம்? அங்க கீபோர்டுக்கு ஒயர் எட்டலை. நீ போய் உட்காரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனாள்.

"பாவம், பொண்ணாவது அழட்டும்" என்றது நாலாவது பெஞ்சு.

செயலாளர் மைக்கைத் தட்டி, "அன்பான சபையாரே..." என்று ஆரம்பித்தார். பட்டென்று எல்லாம் அணைந்தது. விளக்கு, மின்விசிறி, கீபோர்டு, அவர் பாடுபட்டுக் கட்டிய நட்சத்திரம், ஒன்று விடாமல்.

"யோவ், மைக் செட்! என்னய்யா ஆச்சு?"

"பார்த்துட்டு வர்றேங்க." மைக் செட்காரர் பின்பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். அவருக்குப் பின்னாலேயே மகளும் உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் நேரமாகும்போல இருக்குங்க."

"எவ்வளவு நேரம்?"

"அதை என்னால சொல்ல முடியாதுங்க."

"அப்புறம் உன்னை எதுக்குய்யா கூப்பிட்டோம், வேடிக்கை பார்க்கவா? வருஷத்துக்கு ஒரு நாள்! அதையும் கெடுத்துட்டியே! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதே!"

அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டார்.

செயலாளர் போதகரிடம் திரும்பினார். "நான் போய் ஜெனரேட்டருக்குச் சொல்லிட்டு வந்துடுறேன் ஐயா."

"நீங்க எங்கேயும் போக வேண்டாம்" என்றார் போதகர். "மெழுகுவர்த்தி இருக்கு. கரண்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் சும்மா இருப்போம்."

"சும்மாவா? அத்தனை பாட்டு இருக்கே ஐயா!"

"அன்னைக்கு மாட்டுத் தொழுவத்துல யாரு மைக் செட் போட்டா? உட்காருங்க."

மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இருட்டில் அவர் செய்வதற்கு ஒரு வேலைகூட இல்லை. மகள் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவது போல அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜன்னலோரம் ஒரு ஆள் இடம். பக்கத்துச் சுவர் ஓரமெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இவ்வளவு கூட்டத்துல இங்க யாரும் உட்காரலையா?"

பின்னாலிருந்து அதே வாய்தான் பேசியது. "அது உங்க வீட்டுக்காரம்மா இடம்ங்க. அன்னையிலேர்ந்து நாங்க யாரையும் உட்கார விடலை."

அவர் உட்கார்ந்தார்.

சபை அமைதியானது. எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. அவர் பெஞ்சின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். மனைவியின் கை பட்டுப் பட்டு அங்கே மட்டும் மரம் வழவழவென்று இருந்தது.

"ஆண்டவரே..." என்றார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தோள் குலுங்கியது. இத்தனை மாதமாகத் தேக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு கைக்குட்டை நீண்டது. எந்த வாயும் திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சீராகியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். அந்த முகத்தில் அவசரமே இல்லை. மகளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தூரத்தில் மைக் செட்காரர் எட்டிப் பார்த்தார். மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "அப்பா, கரண்ட் என்னாச்சுன்னு பார்த்துட்டு வந்துடுறேன்."

அவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த விரல்களைப் பார்த்தார். ஒட்டடையும் கரியும் அப்பியிருந்தன. கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.

"அந்த மனுஷனை எல்லார் முன்னாடியும் திட்டினேன். எல்லார் முன்னாடியுமே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார் மெதுவாக. "ஆனா, உன் பைக்குள்ள இருக்கிற ஃபியூஸ் கட்டை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும்மா."