குறி தப்பிய ஏட்டு

“எட்டுக் குண்டுல ஒண்ணுகூடப் படல! ஏலே, நீ சோத்தைத்தான திங்க?”

இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் உப்பளத்து நாரைகள் எழுந்து பறந்தன. ஏட்டு மாசானம் புதுப் பிஸ்டலைத் தரை பார்க்கப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மூன்று நாளாகவே இன்ஸ்பெக்டர் இப்படித்தான். டீ ஆறியிருந்தால் கத்தினார். சூடாயிருந்தாலும் கத்தினார். இன்று கத்துவதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அந்தப் பிஸ்டல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு முந்தாநாள்தான் வந்தது. ஒன்றே ஒன்று. கூடவே டி.எஸ்.பி.யின் உத்தரவும் வந்தது. ‘குறி தப்பாமல் சுடுகிறவன் எவனோ அவனிடம் கொடு. வெள்ளிக்கிழமை காலை உப்பளத்து வாசலில் அவன் முன்னால் நிற்கட்டும்.’

உப்பளத்தில் பன்னிரண்டு நாளாக வேலைநிறுத்தம். கூலியைக் கூட்டு, குடிக்கத் தண்ணீர் கொடு என்று வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை பூராவும் உப்புச் சுமக்கிற பெண்கள். நாளைக் காலை எட்டு மணிக்குள் நகராவிட்டால் சுடலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, காகிதத்தில் ரத்தம் வருமா?

யார் சுடுவது என்று பார்க்கத்தான் இந்தப் பரீட்சை. மணல்மேட்டுக்கு முன்னால் ஒரு பனங்கட்டையை நட்டு, அதில் பலகையை ஆணியடித்து, பலகையில் தாளை ஒட்டியிருந்தார்கள். தூரம் இருபத்தைந்து கஜம்.

முதலில் சுட்டவர் இன்ஸ்பெக்டரே. ரிவால்வர் பிடித்துப் பழகிய கை. இந்தப் பிஸ்டலோ ஒவ்வொரு வெடிக்கும் வெற்றுத் தோட்டாவை வெளியே வீசியது. மூன்றாவது தோட்டா சுடச்சுட அவர் காலர் வழியாகச் சட்டைக்குள் விழுந்தது. அவர் குதித்த குதியைப் பார்த்துச் சிரிக்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. பலகையில் இரண்டு பட்டது. அடுத்துச் சுட்ட கான்ஸ்டபிள் செல்வதுரைக்கு ஒன்று.

மிச்சமிருந்த நம்பிக்கை மாசானம்தான். ஐந்து வருஷமாக ஜில்லாவில் முதல் பரிசு வாங்கினவர். “ஈயைச் சுடச் சொன்னா, எந்தக் கண்ணுனு கேப்பான்” என்று டி.எஸ்.பி.யிடம் இன்ஸ்பெக்டரே பீற்றியிருந்தார். நாளைக் காரியம் நல்லபடி முடிந்தால் மாசானம் தோளில் எஸ்.ஐ. நட்சத்திரம் நிச்சயம் என்றும் பேச்சு.

அந்த மாசானம்தான் எட்டையும் கோட்டை விட்டார்.

“என்னல ஆச்சு உனக்கு? மணல்மேட்டுலகூடப் புழுதி கிளம்பல. குண்டு எல்லாம் கொழும்புக்கா போச்சு?”

“தெரியலய்யா.”

“துப்பாக்கி எப்படி இருக்கு? அதையாவது சொல்லு.”

“நல்ல சாமான்தான்யா. கைக்கு அடக்கமா இருக்கு. ஆனா...”

“என்ன ஆனா?”

“ரிவால்வர்னா விசையை இழுத்து முடிக்கதுக்குள்ள மனசு மாற ஒரு நேரம் இருக்கும். இது விரல் பட்டாலே வெடிக்கி. போதும்னு நெனைக்கதுக்குள்ள மூணு போயிருது.”

“நான் உபதேசமா கேட்டேன்?” இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “பதினெட்டு வருஷ சர்வீஸு. நட்சத்திரத்தைக் கொண்டாந்து கையில குடுத்தும் வாங்கத் தெரியல. வீட்டுல போய் என்ன சொல்லுவ? எட்டும் தப்பிட்டு, கைதட்டுங்கன்னா சொல்லுவ?”

மாசானம் பிஸ்டலைத் துணியால் துடைத்தார்.

செல்வதுரைக்கே பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து, “ஏட்டையா, இன்னொரு தடவை கேளுங்க. உங்களுக்கா குறி தப்பும்?” என்றான்.

“வேண்டாம்டே. கண்ணு மங்கிட்டு.”

இது இன்ஸ்பெக்டர் காதில் விழுந்துவிட்டது.

“மங்கலல, அவிஞ்சே போச்சு! இனி உனக்குத் துப்பாக்கி டியூட்டியே கிடையாது. ரிட்டயர் ஆகுற மட்டும் ஸ்டேஷன் வாசல்ல பாரா நில்லு!” சொன்னதோடு விடவில்லை. டியூட்டி நோட்டை வாங்கி, மாசானம் பேருக்கு நேரே பார்வைக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பதினெட்டு வருஷம் ஒரு வரியில் முடிந்தது.

“அப்போ பிஸ்டல் யாருக்குய்யா?” என்றான் செல்வதுரை.

“யாருக்குக் குடுக்க? இவனே இந்த லட்சணத்துல சுட்டா, நீ சுட்டா என் முதுகுலதான் படும். பெட்டியில வச்சுப் பூட்டுல. நாளைக்கு எல்லாவனும் லத்தியோட வந்தாப் போதும். டி.எஸ்.பி.கிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

அப்படியும் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. ஓரத்திலாவது ஒன்று உரசியிருக்காதா என்று பார்க்க அவரே விறுவிறுவென்று பலகையை நோக்கி நடந்தார். தாளில் தன்னுடைய இரண்டும் செல்வதுரையின் ஒன்றும்தான் இருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. திட்டிக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றார்.

பலகைக்குக் கீழே, பனங்கட்டையில், ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் ஓட்டைகள் இருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டு.

நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் மாசானம் குனிந்து மணலில் கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏலே செல்வதுரை!” இன்ஸ்பெக்டரின் சத்தம் முன்னைவிடப் பலமாக வந்தது. “இந்தக் கட்டை உளுத்துப் போச்சு. இப்பவே புடுங்கி அடுப்புல வையி. நாளைக்கு டி.எஸ்.பி. வாரதுக்குள்ள இது சாம்பலாயிருக்கணும்!”