குப்பைமேட்டு நெருப்பு

"நெருப்பு எங்கம்மா?"

பொம்பா லோரியிலிருந்து குதித்தபடியே கேட்டான் ஐயாவு. அன்றைய தீயணைப்புக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

தோட்டத்துக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலம்மா மட்டும் கையை நீட்டினாள். குப்பைமேட்டில் ஒரு பிடி சருகு, சுருட்டு அளவுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

"இதுக்கா கோலசிலாங்கூர்லேருந்து சங்கு ஊதிக்கிட்டு வந்தோம்? இது மூணாவது தடவைலா! ஒரு வாளி தண்ணி ஊத்தினா அணைஞ்சிடாதா?"

"அந்த ஒரு வாளிக்கு எங்கண்ணே போறது? பைப்பு காஞ்சு கெடக்கு. கேட்டா, பம்பு ரிப்பேர், அடுத்த மாசம் பாக்கலாம்ங்கிறாரு துரை. அவரு பங்களாவுல பூச்செடிக்கு மட்டும் ஜோரா ஊத்துது."

ஜீப் வந்து நின்றது. எஸ்டேட் மானேஜர் துரை இறங்கினார். பின்னாலேயே ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி குமாரசிங்கம், கையில் குடையோடு.

"பொம்பாவைப் பொய் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று கண்டுபிடியும். யாராக இருந்தாலும் இன்றோடு வேலை கிடையாது" என்றார் துரை, கிராணியிடம்.

குமாரசிங்கத்துக்கு மூக்கு சிவந்தது.

"ஆர் போன் பண்ணினது? வாயைத் திறவுங்கோ! ரோட்டுக் கடைக்குப் போய்ப் பண்ணினியளோ? பிடிச்சனெண்டால் தொலைஞ்சியள்!"

"எங்களுக்கு நம்பரே தெரியாதுங்கய்யா." வேலம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "தண்ணி இல்லாட்டியும் எப்படியோ சமாளிப்பேன். வேலை போச்சுன்னா புள்ளைங்களோட எங்க போவேன்?"

ஐயாவு குறுக்கே வந்தான்.

"விசாரணை அப்புறம் சார். குப்பை உள்ளுக்குள்ள கனிஞ்சுகிட்டே இருக்கும். பக்கத்துல கெடக்குற அந்தக் காலி டிரம்முங்கதான் ஆபத்து. சூடேறினா வெடிச்சிடும். வாய் வரைக்கும் தண்ணி நிரப்பணும்."

"அப்படியா?" துரை இரண்டடி பின்வாங்கினார்.

"வாளியும் வெடிக்குமா அண்ணே?" என்றாள் வேலம்மா.

"வாளி, அண்டா, குடம் எல்லாமே வெடிக்கும். கொண்டாந்து வை!"

லயமே ஓடியது. ஐயாவு லோரித் தண்ணீர்க் குழாயைப் பிடித்தான். டிரம் நிரம்பியது, அண்டா நிரம்பியது. கடைசியாக ஒருத்தி மைலோ டின்னையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குடிக்கிறதா இருந்தா காய்ச்சிக் குடிங்க" என்று முணுமுணுத்தான் ஐயாவு.

டிரம் எதுவும் வெடிக்காத திருப்தியில் துரை ஜீப்பில் ஏறினார்.

"குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வாரும்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் குடங்களோடு கலைந்தார்கள். குமாரசிங்கம் ஜீப் வளைவில் மறையும்வரை காத்திருந்தார். பிறகு லோரிப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"குப்பைமேடு எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டன், தம்பி. அடுத்த முறை போன் பண்ணேக்கை எங்கை நெருப்பெண்டு சொல்லட்டும்?"