வாசல் நெருஞ்சி

கடற்கரைச் சாலைக்காக எங்கள் வீட்டை இடிக்க ஆளில்லா இயந்திரம் வந்தது. தோண்டுவதற்கு முன் அது செடிகளை ஆராயும். வாசலில் படர்ந்திருந்த நெருஞ்சிப் பூவைக் கண்டு நின்றது. "இந்த மணல்மேட்டில் மட்டுமே வளரும் வகை. யாரும் மிதிக்கக் கூடாது" என்று அறிவித்துவிட்டுத் திரும்பிப் போனது.

வீடு தப்பியது.

"பிடுங்குங்கன்னு ஒரு மாசமா கத்துனேன். நல்லவேள, சோம்பேறியா இருந்தீய!" என் மனைவி ஜெசிந்தா சிரித்தாள்.

வாசலை மிதிக்க எங்களுக்கும் அனுமதியில்லை. அடுக்களை ஜன்னலின் கம்பியைக் கழற்றிவிட்டு அதன் வழியாக ஏறி இறங்குகிறோம். அதன் கீழே மணலைக் குவித்துப் படி அமைக்க மண்வெட்டியை எடுத்தேன்.

"அங்கயும் என்னமோ முளைச்சிருக்கு. ஒண்ணும் செய்யாதீய, போய்ப் படுங்க."

இராவேலையை விட்டதிலிருந்து அவள் என்னைப் பகலில் படுக்கச் சொன்னது இதுதான் முதல்முறை. படுத்துக்கொண்டேன்.