கூரைமேல் ஒரு வடிதாள்

டுஸ்லா நகரத்தின்மேல் ஒரு வாரமாகப் படுத்துக் கிடக்கும் புகைமூட்டம் இன்றும் எழுந்திருக்கவில்லை. நடுப்பகலிலும் தெருவிளக்குகள் மஞ்சளாக அழுது வடிகின்றன. ஆய்வகத்து மொட்டைமாடியில் காற்றின் மாசளக்கும் பெட்டியைத் திறந்து, நேற்று வெள்ளையாக வைத்த வடிதாளை இடுக்கியால் எடுக்கிறாள் செனாதா. கன்னங்கரேலென்று இருக்கிறது. பனியில் கரைந்த நிலக்கரிக் கந்தகம் மூக்கில் புளிப்பாக ஏறுகிறது. மூட்டம் வெயிலை மறிக்கிறது. வெயிலில்லாத குளிருக்கு ஊரே கரி எரிக்கிறது. அந்தப் புகை மறுபடி மூட்டத்தில் போய்ச் சேர்கிறது. இதை அதிகாரிகளுக்கு எத்தனை தடவைதான் எழுதிக் கொடுப்பது. கைபேசி அதிர்கிறது. நுரையீரல் கெட்டு வீட்டோடு கிடக்கும் கணவன் மிர்சேத்.

“உன் தாள் இன்னிக்கு என்ன நிறம்?”

“நீ போடுற காப்பி நிறம்.”

சிரிக்கப் போனவன் இருமலில் மாட்டிக்கொள்கிறான். அது அடங்கும்வரை அவள் கறுத்த தாளைப் பிடித்தபடியே நிற்கிறாள்.

“அடுப்பு அணையப் போகுது, செனாதா. விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. இன்னொரு வாளி கரி போட்டுக்கட்டுமா?”

கீழே வீடுகளே தெரியவில்லை. புகைபோக்கிகளின் நுனிகள் மட்டும் தெரிகின்றன.

“போட்டுக்க,” என்கிறாள். “சன்னலை மட்டும் திறந்துடாத.”

புது வெள்ளைத் தாளைப் பொருத்தி விசையை அழுத்துகிறாள். அவள் வீட்டுப் புகையையும் சேர்த்துப் பெட்டி மூச்சிழுக்கத் தொடங்குகிறது.